மூங்கில் ஓரத்து இரண்டு வரிசை

இந்த ஊரில் மழை தெருவின் ஒரு பக்கம் பெய்யும், மறுபக்கம் பெய்யாது. கதை விடவில்லை. ஜோகூரில் நான் ரொட்டிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும் சாலையில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது இது நடக்கிறது. இடது பக்கம் சீனர் கடைகளின் தகரக் கூரையில் சடசடவென்று அடிக்கும். வலது பக்கம் மலாய்க்காரர் வீட்டு வாசலில் துணி காய்ந்துகொண்டிருக்கும். வந்த புதிதில் நான் நடுரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தேன். ஒரு மலாய்க்காரர் பக்கத்தில் வந்து என்ன காணாமல் போய்விட்டது என்று கேட்டார். எனக்கு அப்போது நாலு வார்த்தை மலாய்தான் தெரியும். வானத்தைக் கையால் காட்டினேன். பட்டம் அறுந்து மரத்தில் மாட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டார் போல. பாவம், அரை நாழிகை என்னோடு நின்று ஒவ்வொரு மரத்து உச்சியாகத் தேடினார். கடைசியில் என் தோளைத் தட்டி, போனால் போகட்டும் என்று சைகை காட்டிவிட்டுப் போனார். முப்பத்தைந்து வயதுக்காரன் பட்டத்துக்காக அழுகிறான் என்று அன்று வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பார்.

ஊரிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகைகளை இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் போட்டுவைப்பார்கள். மூன்று மாதப் பழசு. போன வாரம் அதில் ஒரு கட்டுரை படித்தேன். இயற்கை ஒரு பள்ளிக்கூடமாம். எறும்பைப் பார்த்து உழைப்பைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம், காக்கையைப் பார்த்து ஒற்றுமையைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம், வீட்டு வாசலில் நிற்கும் மரமே போதுமாம், குருவே தேவையில்லையாம். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எழுதியவர் மரத்தைப் பார்த்தவர்தானா என்று தெரியவில்லை. நான் பார்த்தவன். பிறந்ததிலிருந்து முப்பத்தைந்து வயது வரைக்கும் தினமும் விடிந்தால் ஒரு கொடியின் முகத்தில்தான் விழித்தேன். அதைப் பார்த்து நானும் பாடம் படித்தேன். படித்தது அத்தனையும் தப்பு. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் லால்பேட்டை. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் வந்தால் வீராணத்து ஏரிக்கரை ஓரம் வரும். எங்கள் பக்கம் முஸ்லிம்களில் பலருக்கு வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. கொடிக்கால் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வெற்றிலைக் கொடி தானாக நிற்காது, வெயிலையும் தாங்காது. அதனால் முதலில் அகத்தி விதைத்து வளர்த்து, அது ஆள் உயரம் வந்த பிறகு அதன் அடியில் கொடியை நடுவோம். அகத்தி கொடிக்குக் கம்பமும் ஆகும், குடையும் ஆகும். கொடி ஏற ஏறக் கோரையால் அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வருவோம். பாத்திகளுக்கு நடுவே ஓடும் வாய்க்காலிலிருந்து தகரத் தட்டால் தண்ணீரை வாரி இறைப்போம். உள்ளே போகும்போது செருப்பை வெளியே கழற்றிவிடுவோம். வெளியே தீப்பிடித்தமாதிரி வெயில் அடித்தாலும் உள்ளே ஈரமாக, பச்சையாக, கிணற்றுக்குள் இறங்கியதுபோல இருக்கும்.

என் கொடிக்காலும் என் மச்சான் காசிமின் கொடிக்காலும் அடுத்தடுத்து இருந்தன. காசிம் என் மனைவி மரியத்தின் அண்ணன். கல்யாணத்துக்குப் பிறகு நடு வரப்பை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாகவே பார்த்தோம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குறை இருந்தது. காசிம் கைபட்டால் கொடி பிடித்துக்கொள்ளும். அவர் பேசமாட்டார், இலையைத் திருப்பிப் பார்ப்பார், போவார். சிதம்பரம் மண்டியில் எங்கள் கூடையை இறக்கினால், "காசிம் பாய் வெத்தலை வந்துடுச்சா?" என்று கேட்பார்கள். கூடையைச் சுமந்து வந்து இறக்குகிறவன் நான். பஸ்ஸில் கண்டக்டரிடம் சண்டை போட்டு இடம் பிடிக்கிறவன் நான். வெற்றிலை மட்டும் காசிம் பாய் வெற்றிலை. ஒருநாள் மண்டியில் ஒருத்தன் என்னைக் காட்டி இன்னொருத்தனிடம், "இவரு காசிம் பாய் தோட்டத்து ஆளு" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

அந்த வருஷம் கோடையில் நான் கொடியைப் பார்த்துப் படித்த பாடம் இதுதான். நிழலில் கிடக்கும் கொடியின் இலை மெல்லிசாக இருக்கிறது. வெளிச்சம் பட்ட இலை தடிப்பாக இருக்கிறது. புவனகிரிப் பக்கத்து இலை நம் இலையைவிடக் கனமாக இருக்கிறது என்று மண்டியில் வேறு சொன்னார்கள். ஆகவே நிழலை எடுத்தால் கொடி தேறும். இதை நான் கொடிக்காக யோசித்தேன் என்றுதான் அப்போது நம்பினேன். இல்லை. எனக்காகத்தான் யோசித்தேன். காசிமின் நிழலில் நான் மெலிந்து போனேன் என்ற கோபத்தை எடுத்துக்கொண்டு போய் அகத்தியில் ஏற்றிவிட்டேன்.

கொடிக்கால்காரனுக்கு ஒரு முறை உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் அகத்தித் தலையைக் கழிப்போம், மழைக்காலத்தில் கொடிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. தை பிறந்துவிட்டால் அகத்தியில் கத்தி வைக்கமாட்டோம். எங்கள் தெருவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியாதா? பங்குனி மாதம் காசிம் ஒரு கல்யாணத்துக்காகப் பரங்கிப்பேட்டைக்கு நாலு நாள் போனார். தண்ணீர் இறைக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். அவர் பஸ் ஏறிய அன்றே நான் ஏணியைச் சாத்தி, அகத்தித் தலைகளை வெட்டித் தள்ளினேன். மேற்கு ஓரத்தில் பக்கத்துத் தோட்டத்து மூங்கில் புதர் கவிந்து நின்றது. அதன் நிழலில் இருந்த இரண்டு வரிசைக்கு அகத்தியை வெட்டியும் வெட்டாததும் ஒன்றுதான். மற்ற வரிசைகளில் வெயில் நேராக இறங்கியது. முதல் நாள் தோட்டம் வெள்ளை அடித்த வீடுமாதிரி பளிச்சென்று இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாலாம் நாள் காசிம் வந்து நின்றபோது இலைகள் கருகிச் சுருண்டு தொங்கின. அவர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டார். அப்படி அவர் வந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. மேலே பார்த்தார்.

"மச்சான், தலையை யாரு கழிச்சது?"

"நான்தான். அதுக்கென்ன? நீ ஏற்பாடு பண்ணுன ஆளு தண்ணியே இறைக்கல. தண்ணி இல்லாமக் காஞ்சுபோச்சு. நீ அங்க பிரியாணி தின்னுக்கிட்டு இருந்தே, இங்க கொடி செத்துப்போச்சு."

காசிம் சண்டைக்கு வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மூங்கி ஓரத்துல ரெண்டு வரிசை இருக்கு பாருங்க. அதுக்கும் அதே தண்ணிதான். அதைப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

நாற்பது எட்டு நடந்தால் மூங்கில் ஓரம். நான் நடக்கவில்லை. நடக்கத் தேவையும் இருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே அந்த இரண்டு வரிசையின் பச்சை கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம் தோட்டத்தைப் பார்த்தவன், பார்க்க வேண்டிய அந்த ஒரு நாளில் பார்க்கவில்லை. பத்திரிகைக்காரர் எறும்பைப் பற்றி எழுதுகிறார். எறும்பு என்ன செய்யும், ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டால்?

அதோடு விட்டிருந்தால் ஒரு போகம் வெற்றிலை போனதோடு முடிந்திருக்கும். என் கோபம் முடியவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது மரியம் இல்லை. அம்மாவைப் பார்க்க அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். அவளுடைய அம்மா, என் மாமி, காசிம் வீட்டில்தான் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் மூன்று தெரு. நான் நேரே அங்கே போய் வாசலில் நின்று மரியத்தைக் கூப்பிட்டேன். கையில் அம்மாவுக்கு வெற்றிலை இடிக்கும் சின்ன உரலோடு அப்படியே வெளியே வந்தாள். காசிம் அவளுக்குப் பின்னால் வந்தார். மாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னேன்: "இனிமே இந்த வூட்டுப் படிய நீ மிதிச்சா, நீ எனக்குத் தலாக்கு."

ஒரு தடவைதான் சொன்னேன். மூன்று தடவை சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மரியம் என்னைப் பார்த்தாள், கையிலிருந்த உரலைப் பார்த்தாள். திரும்பி உள்ளே வைத்துவிட்டு வர ஒரு கால் எடுத்தாள். படியைப் பார்த்ததும் அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். உரலைக் காசிமின் கையில் கொடுத்துவிட்டு என் பின்னால் நடந்து வந்தாள்.

கோபம் இறங்க மூன்று நாள் ஆயிற்று. பயம் வந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், சும்மா வாய்தவறிச் சொன்னது, திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "வாயிலேர்ந்து வுழுந்தது வுழுந்ததுதான் தம்பி. அதை நீங்களே நெனச்சாலும் எடுக்க முடியாது. அவுங்க அந்தப் படிய மிதிக்காத வரைக்கும் ஒண்ணுமில்ல. மிதிச்சா ஒரு தலாக்கு ஆயிடும். இத்தாக் காலம் மூணு மாசம் முடியறதுக்குள்ள நீங்க திரும்ப அழைச்சுக்கலாம், வாழலாம். ஆனா ஆனது ஆனதுதான், மூணுல ஒண்ணுன்னு கணக்குல நிக்கும்."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. வழி இருக்கிறதே! வீட்டுக்கு வந்து மரியத்திடம் சொன்னேன். "ஒரு தடவை போயிட்டு வா. நான் உடனே திருப்பி அழைச்சுக்கறேன். ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு."

அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் வேணாம், அரையும் வேணாம். நான் என்ன தப்பு பண்ணேன், என் மேல ஒரு தலாக்கு வுழறதுக்கு? நீங்க சொன்னீங்க, நான் போகல. அவ்வளவுதான்."

தோட்டத்தைப் பிரித்தோம். ஜமாஅத்தில் பெரியவர்கள் வந்து பழைய இடத்திலேயே வரப்பைப் போட்டுக் கொடுத்தார்கள். மூங்கில் ஓரம் காசிம் பக்கம் போனது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, அந்த இரண்டு வரிசை என் கண்ணில் படக்கூடாது. காசிம் கருகியதை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, அந்த இரண்டு வரிசையிலிருந்தே கொடியை வெட்டி நட்டு மறுபடி தோட்டம் போட்டார். எனக்கும் ஒரு கட்டு விதைக்கொடியை ஈரச் சாக்கில் சுற்றி ஆள் மூலம் அனுப்பினார். நான் அதைப் பிரிக்கவில்லை. கொல்லையில் போட்டேன். மரியம் தினமும் அந்தச் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்தாள். என்னை நடச் சொல்லிக் கேட்கவில்லை, தெளித்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் சாக்கைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாகத் துளிர் வெளியே வந்தது. மண் இல்லாமல் எத்தனை நாள் வரும்? ஒருநாள் அவள் தெளிப்பதை நிறுத்திவிட்டாள். நான் மலாயாவுக்குப் போகிறேன் என்று சொன்னது அந்த வாரத்தில்தான்.

பாஸ்போர்ட் காரியமாகக் கடலூருக்கு ஏழெட்டுத் தடவை நடந்தேன். ஆபீஸ் வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. காலையில் போனால் சாயங்காலம் வரைக்கும் அதன் அடியில்தான் காத்திருக்க வேண்டும். பொழுது சாயும்போது அதன் இலைகள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது இது: இவ்வளவு பெரிய மரமே கண்ணை மூடிக்கொள்கிறது, நானும் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போய்விடலாம், தப்பில்லை. பார்த்தீர்களா என் படிப்பை? அந்த மரம் மறுநாள் காலையில் இலையை விரித்துக்கொள்கிறது என்பதும் எனக்குத் தெரியும். காலையிலும் நான்தானே அதன் அடியில் நின்றேன். எனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். இயற்கை யாருக்கும் எதையும் சொல்வதில்லை. நாம் ஏற்கெனவே முடிவு செய்ததை அதன் வாயில் வைத்துக் கேட்டுக்கொள்கிறோம்.

ஜோகூருக்கு வந்து ரொட்டி விற்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் வாடிக்கையில் ஆ மோய் என்று ஒரு சீனப் பெண். என் வயதுதான் இருக்கும். தலையில் எப்போதும் பெரிய ஓலைத் தொப்பி. வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடி போட்டிருந்தாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது ரொட்டிப் பெட்டியை மறந்து அதன் பக்கத்தில் போய் நின்றேன். இலை அச்சு அசலாக வெற்றிலை. கிள்ளி மோந்து பார்த்தேன். வாசனை வேறு. அதுவும் மரத்தைப் பிடித்து ஏறுகிற சாதிதான். ஒருநாள் நான் போகும்போது அவள் கொடிக்கு நிழலாக நின்ற மரக்கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். மழை நின்று நல்ல வெயில் தொடங்கிய நேரம். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். வெட்டாதே, வெட்டாதே என்று மலாயில் கத்தினேன். கிளையைக் காட்டினேன், சூரியனைக் காட்டினேன், கருகிப்போகும் என்று சொல்லத் தெரியாமல் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெட்டுக்கத்தியை வைத்துவிட்டு உள்ளே போனாள். தலைவலித் தைலம் ஒரு சின்ன குப்பி கொண்டுவந்து என் கையில் வைத்து, வெயிலில் சைக்கிள் மிதிக்காதே என்று புத்தி சொல்லிவிட்டு மறுபடி வெட்டப் போனாள். நான் என்ன செய்ய? தைலத்தைத் தடவிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வாரம் அவள் கொடியில் வெயில் பட்ட பக்கத்து இலைகள் பழுத்துக் கருகியிருந்தன. நான் ரொட்டியை எடுத்துக்கொண்டு நின்றேன். யாரைத் திட்டப் போகிறாள் என்று பார்க்கத்தான் நின்றேன், உண்மையைச் சொல்கிறேன். ஆ மோய் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். கொடியின் மறுபக்கம் போய்ப் பச்சையாக இருந்த இலையைப் பார்த்தாள். தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். தன் நெற்றியில் ஒரு தட்டு தட்டிக்கொண்டாள். பிறகு தென்னங்கீற்று இரண்டை எடுத்துவந்து கொடிக்கு மேலே கட்டத் தொடங்கினாள். எல்லாம் ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நாலு எட்டு நடந்தாள், அவ்வளவுதான் அவள் செய்தது. நான் ரொட்டிக்குக் காசு வாங்காமலே கிளம்பிவிட்டேன். அவள் பின்னாலேயே கூப்பிட்டாள். திரும்பினால் என் முகத்தைப் பார்த்து இன்னொரு குப்பி தைலம் கொடுத்திருப்பாள்.

அன்றே காசிமுக்குக் கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கால் பங்கு. எழுத உட்காருவேன். "அன்புள்ள மச்சானுக்கு" என்று எழுதுவேன். அதற்கு மேல் கை ஓடாது. தப்பு என்னுடையது என்று எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியும் முடியவில்லை. மரியம் மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். குர்ஆன் ஓதப் படித்த அரபு எழுத்திலேயே தமிழை எழுதுவாள், வலமிருந்து இடமாக. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினாள். அம்மா எழுந்திருப்பதில்லை என்று எழுதினாள். போகலாமா என்று கேட்கவே இல்லை. மூன்று தெரு தள்ளிப் படுத்திருக்கும் தாயைப் பற்றி அடுத்த வீட்டுக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டு, இரண்டாயிரம் மைல் தள்ளியிருக்கும் எனக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

பிறகு வந்த கடிதம் இது. இன்னும் என்னிடம் இருக்கிறது. "அண்ணன் தோட்டத்து ஓரத்துல கீத்துக் கொட்டாய் போட்டுட்டாங்க. அம்மாவக் கட்டிலோட தூக்கியாந்து அங்க வச்சிருக்காங்க. நீங்க வூட்டுப் படியத்தான சொன்னீங்க, தோட்டத்தச் சொல்லலியேன்னு ஹஜ்ரத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சாங்க. நான் பகல் முழுக்க அம்மாகூடத்தான் இருக்கேன். அண்ணி சோறு கொண்டாந்து குடுக்கறாங்க. அம்மா என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாங்க."

அதற்கு அடுத்த கடிதம் மௌத்துச் செய்தி. மாமி அந்தக் கொட்டகையில், மரியத்தின் மடியில் போய்ச் சேர்ந்தார்கள். மையித்தைக் குளிப்பாட்ட வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்றார்களாம் ஊரில். காசிம் கூடாது என்றுவிட்டாராம். தங்கச்சி குளிப்பாட்டணும், அவ வர முடிஞ்ச எடத்துலதான் எல்லாம் நடக்கும் என்று நாலு பக்கமும் துணியைக் கட்டி மறைத்து, அங்கேயே செய்ய வைத்தாராம். கபன் துணி சுற்றி, அங்கிருந்தே சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியிருக்கிறார்கள். இதெல்லாம் நடந்தபோது நான் ஏதோ ஒரு தெருவில் மணி அடித்துக்கொண்டு ரொட்டி விற்றுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அந்த ஒரு வரியை எழுதினேன். மாமி போன பிறகு.

சென்ற வருஷம் ஊருக்குப் போனேன். சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கியபோது யாரும் வரவில்லை. நான் சொல்லவும் இல்லை. வீட்டுக்குப் போனால் மரியம் இல்லை, தோட்டத்தில் இருப்பாள் என்றார்கள். என் பாதித் தோட்டத்தில் கோரை மண்டிக் கிடந்தது. காசிமின் பாதியில் வெற்றிலை. மரியம் கட்டைவிரலில் தகர நகத்தை மாட்டிக்கொண்டு இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று சொல்ல ஆசைதான். "வந்துட்டீங்களா" என்றாள். கையிலிருந்த கவுளி வெற்றிலையை எண்ணி முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

காசிமுக்கு முடி நரைத்துவிட்டது. நான் வழி முழுக்கப் பாடம் பண்ணிக்கொண்டு போனதை அப்படியே ஒப்பித்தேன். "மச்சான், தண்ணி இல்ல காரணம். நான் வெட்டுனதுதான் காரணம்."

"தெரியுமே மச்சான்."

"அன்னைக்கே தெரியுமா?"

"எனக்கு மட்டுமா? அந்த மூங்கி ஓரத்து ரெண்டு வரிசையை ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு. மண்டிக்காரன் சிதம்பரத்துலேர்ந்து வந்து பாத்தான். நீங்க ஒருத்தருதான் பாக்கல." பிறகு அவரே சிரித்துவிட்டார். "சரி வுடுங்க. வெயில்ல நிக்காதீங்க. அந்த ஊரு மழையிலேயே இருந்து வெளுத்துப்போய் வந்திருக்கீங்க, கருகிடப் போறீங்க."

நான் அந்த நாற்பது எட்டை நடந்து பார்த்தேன். மூங்கில் புதர் இல்லை, யாரோ வெட்டி விற்றுவிட்டார்கள். எது அந்த இரண்டு வரிசை என்று இனி யாரும் காட்ட முடியாது.

மறுநாள் மரியத்திடம் மறுபடி கேட்டேன். அந்தப் படியைத் தாண்டிவிடு, அங்கேயே நின்று திருப்பி அழைத்துக்கொள்கிறேன், இந்தத் தடவை நான் பக்கத்திலேயே இருப்பேன் என்றேன். என் குரல் கெஞ்சியது, மறைக்கவில்லை. அவள் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்க அம்மா இருந்தப்பவே நான் மிதிக்கல. இப்ப யாரப் பாக்க மிதிக்கணும்? உங்க மனசு ஆறணும்ங்கறதுக்காக நான் தலாக்கு வாங்கிக்கணுமா?"

நான் கப்பலேறுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் காசிம் என்னைச் சாப்பிடக் கூட்டிப் போனார். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் எப்படியோ அப்படி. புதுப் பாய், வெள்ளை விரிப்பு, நடுவில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் பெரிய தாலாத் தட்டு. அந்தப் படியில் நான் கால் வைத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு எந்தத் தடையும் யாரும் போடவில்லையே. உள்ளே உட்கார்ந்தேன். காசிம் கறித்துண்டைத் தேடித் தேடி என் பக்கம் தள்ளினார். என் முதுகுக்குப் பின்னால் சந்துப் பக்கம் ஒரு ஜன்னல். சந்தில் ஒரு முக்காலியைப் போட்டு மரியம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவளுடைய அண்ணி, காசிமின் மனைவி, வெளியே அவள், இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பல வருஷப் பழக்கம், அவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அண்ணி ஒரு தட்டில் சோறு போட்டு, அடுப்பங்கரையில் வேலை இருந்ததால் என்னிடம் நீட்டி, "இத அவகிட்ட குடுங்கண்ணே" என்றார். தட்டு கம்பிக்குள் நேராக நுழையவில்லை. சாய்த்தால் குழம்பு சிந்தும். நான் உள்ளேயிருந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். அவள் வெளியேயிருந்து கையை விட்டு, சோற்றைப் பிடிபிடியாக அள்ளி வெளியே எடுத்துத் தன் மடியிலிருந்த இலையில் வைத்துக்கொண்டாள். "நல்லாப் புடிங்க, ஆட்டாதீங்க" என்றாள். அவள் பிறந்த வீட்டுக்குள் நான் உட்கார்ந்து, அவளுக்கான தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், அது காலியாகும் வரை.